ஹெப்லி கழிப்பறையும் ஒரு பிரபுவின் ‘இல்லை’யும்

பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் மேல்சபையான பிரபுக்கள் சபையில் வின்னி சக்டன் பேச எழுந்தால் எதிர் வரிசையில் ஒரு முனகல் கிளம்பும். வெறுப்பு முனகல் அல்ல. கல்யாண வீட்டில் அந்த மாமா மறுபடியும் பாடப் போகிறார் என்று தெரிந்ததும் வருமே, அந்த மாதிரி. மீன்பிடி மசோதாவில் எழுந்தாள், கடலிலிருந்து திரும்புகிறவனுக்குத் துறைமுகத்தில் கழிப்பறை உண்டா என்று கேட்டாள். படைவீரர் ஓய்வூதியத்தில் எழுந்தாள், வரிசையில் நிற்கிற கிழவர் அவசரத்துக்கு எங்கே ஒதுங்குவார் என்றாள். பிரெஞ்சுக்காரர்களோடு போட்ட ஏதோ ஓர் உடன்படிக்கையைக்கூட விடவில்லை. அவர்கள் ஊரில் சந்தைக்குச் சந்தை இருக்கிறதே, நமக்கு மட்டும் என்ன கேடு என்றாள். யார் என்ன பேசினாலும் மறுநாள் காலையில் அச்சாகி வந்துவிடுகிற சபை அது. அவைக்குறிப்பில் சக்டன் சீமாட்டி பெயருக்கு நேரே வேளாண்மை, கல்வி, பாதுகாப்பு என்று தலைப்புகள் கௌரவமாக நிற்கும். எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் கழிப்பறைதான்.

அவள் ஒன்றும் பிறவிச் சீமாட்டி இல்லை. யார்க்‌ஷர் பக்கம் ஹெப்லி என்கிற மழை ஊரில் பஸ் கண்டக்டராக இருந்தவள். அப்புறம் தொழிற்சங்கம், அப்புறம் நகராட்சி உறுப்பினர். அவள் வாய்க்குப் பயந்த நகராட்சிக்காரர்கள்தான் சிபாரிசு செய்து அவளுக்கு வாழ்நாள் சீமாட்டிப் பட்டம் வாங்கிக்கொடுத்து லண்டனுக்கு அனுப்பிவைத்தார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பதவி ஏற்ற அன்று வாடகைக்கு எடுத்த சிவப்பு அங்கியும் வெள்ளை ரோமக் கழுத்துமாக அவள் நின்ற படத்தைப் பார்த்துவிட்டு, அவளோடு பஸ்ஸில் ஓடிய பழைய கண்டக்டர் மேவிஸ் டார்டாஃப், “முயலை உரிச்சு மேல போட்டுக்கிட்ட மாதிரி இருக்கேடி” என்றாள். ஊரே வாழ்த்தியதில் வின்னிக்கு ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான்.

இந்தக் கழிப்பறைப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று சபையில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அந்தக் காலத்தில் மலை உச்சிக் கடைசி நிறுத்தத்தில் பஸ் நின்றதும் டிரைவர் சுவர் ஓரமாகப் போய்விட்டு விசில் அடித்துக்கொண்டு வருவார். பெண்களுக்கு ஒன்றும் கிடையாது. அதனால் காலையிலிருந்து ஒரு வாய் தேநீர் குடிக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவார்கள். ஒரு குளிர்காலத்தில் மேவிஸ் நிறைமாதமாக வின்னியின் பஸ்ஸில் வந்தபோது, அந்த உச்சியில், அடிக்கிற காற்றில், வின்னி தன் மேல்கோட்டைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. பஸ்ஸுக்குள்ளிருந்து ஆட்கள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். மேவிஸ் அழுதாள். வின்னி அழவில்லை. அன்றைக்கு வந்த கோபம் அவளுக்கு இன்னும் இறங்கவே இல்லை.

கேலி செய்கிறவர்களில் தலைவர் டன்ஸ்டோக் பிரபு. வம்சவழியாக வந்த பிரபுக்களைச் சபையிலிருந்து மூட்டை கட்டி அனுப்பியபோது தப்பிப் பிழைத்த சொச்சம் பேரில் ஒருவர், எதிர்க்கட்சி, எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார், மூக்கு நீளம், நாக்கு அதைவிட நீளம். ‘வாளிச் சீமாட்டி’ என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் அவர்தான். மேன்மைமிகு சீமாட்டியின் உரையை அச்சகத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் பினாயில் தெளிக்க ஏற்பாடு உண்டா என்று ஒருமுறை எழுந்து கேட்டார். சபை குலுங்கிற்று. வின்னி சும்மா விடுவாளா? மேன்மைமிகு பிரபுவின் மாளிகையில் எத்தனை கழிப்பறை என்று அவருக்கே கணக்குத் தெரியாது, இல்லாதவன் கஷ்டம் எப்படித் தெரியும் என்றாள். இரண்டும் அச்சாயின. இப்படியே வருஷக்கணக்காக ஓடிற்று. உள்ளுக்குள் ஒருவர்மேல் ஒருவருக்குப் பெரிய பகையும் இல்லை, பாசமும் இல்லை. காலையில் எழுந்ததும் இருமுகிற மாதிரி ஒரு பழக்கம்.

இந்த நிலையில்தான் ஹெப்லி பஸ் நிலையத்துக் கழிப்பறையை மூடிவிட்டு அந்த இடத்தைக் காப்பிக் கடைக்கு விடுவது என்று நகராட்சி முடிவு செய்தது. மேவிஸ் போன் செய்தாள். அவளுக்கு இப்போது இதயக் கோளாறு. நீர் பிரிய மாத்திரை கொடுத்திருந்தார்கள். மாத்திரை போட்டுக்கொண்டால் அரை மணிக்கு ஒருமுறை போயாக வேண்டும். பஸ் நிலையத்தில் அது இருக்கிற தைரியத்தில்தான் வியாழன்தோறும் சந்தைக்கு வந்து, நாலு பேரைப் பார்த்து, ஒரு பேஸ்ட்ரியும் தின்றுவிட்டுப் போவாள். மற்ற நாளெல்லாம் வீடுதான்.

“அதையும் பூட்டிட்டா என்னையும் உள்ள வெச்சுப் பூட்டின மாதிரிதான்டி” என்றாள் மேவிஸ். “சந்தைக்குப் போறதுக்காக மாத்திரைய நிறுத்தினா செத்துப்போவேன்னு டாக்டர் சொல்றாரு. வீட்டுக்குள்ளயே கிடந்தா அதைவிடச் சீக்கிரம் போயிடுவேன்.”

வின்னிக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அப்போது உள்ளூர்ப் போக்குவரத்து மசோதா ஒன்று சபையில் நடந்துகொண்டிருந்தது. பஸ் நிலையம் இருக்கிற இடத்தில் கழிப்பறை ஒன்றைத் திறந்து வைத்திருப்பது நகராட்சியின் கடமை என்று ஒரே ஒரு வரியில் திருத்தம் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

வினை என்னவென்றால், மசோதா அவள் கட்சி அரசாங்கத்துடையது. கட்சிக் கொறடா ஃபென்னர் பிரபு அவளைத் தேநீர் அறைக்குக் கூப்பிட்டு, வெண்ணெய் தடவிய டீக்கேக்கும் வாங்கிக்கொடுத்து, நயமாகப் பேசினார். வாக்கெடுப்புக்குப் போனால் எதிர்க்கட்சி அவள் பக்கம் சேர்ந்துகொள்ளும், அரசாங்கம் தோற்கும், அதுவும் கழிப்பறையில் தோற்கும், பத்திரிகைக்காரர்கள் ஒரு வாரம் கும்மியடிப்பார்கள். பேசட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும். முடிவில் திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளட்டும். பதிலுக்கு அமைச்சர் எல்லா நகராட்சிகளுக்கும் அன்போடு ஒரு கடிதம் எழுதுவார்.

கடிதத்தை வைத்து மேவிஸ் என்ன செய்வாள் என்று வின்னிக்குத் தெரியும். ஆனால் இத்தனை வருஷத்தில் கட்சிக்கு எதிராக ஒரு வாக்குக்கூடப் போட்டதில்லை அவள். சங்கத்தில் வளர்ந்தவளுக்கு அது ரத்தத்தில் இருந்தது: கூட்டமாக முடிவெடுத்தால் கூட்டமாக நிற்க வேண்டும், நடுவில் கழன்றுகொள்கிறவனை மனிதனாகவே மதிக்கக் கூடாது. அவளே எத்தனை பேரை அப்படிக் கழன்றுகொண்டதற்காக முகத்துக்கு நேரே காறித் துப்பாத குறையாகத் திட்டியிருக்கிறாள். பாதி டீக்கேக்கைத் தட்டிலேயே வைத்தாள். சரி, திரும்பப் பெறுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அன்றைக்கே மேவிஸுக்குச் சொன்னாள். ஒளித்து வைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. “சரிடி, உனக்கும் கஷ்டம் இருக்கும்ல” என்றாள் மேவிஸ். ஏசியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். இந்த ‘சரி’ வின்னியை என்னவோ செய்துவிட்டது.

விவாதம் இரவு உணவு இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. வின்னி பேசினாள். கண்டக்டர் காலம், மலை உச்சி, நீர் மாத்திரை எல்லாம் சொன்னாள். மேவிஸ் பெயரை மட்டும் சொல்லவில்லை. முனகக்கூட ஆள் இல்லை. அவள் எப்படியும் திரும்பப் பெறப் போகிறாள் என்று தெரிந்ததும் இரண்டு கட்சிக் கொறடாக்களும் தங்கள் ஆட்களைச் சாப்பாட்டுக்கு அவிழ்த்து விட்டிருந்தார்கள். அவள் கட்சிக்காரர்களில் பாதிப் பேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் யாருக்கோ பிரிவுபசார விருந்து என்று போயாகிவிட்டது. எதிர் வரிசையின் பின் மூலையில், மாடத்து நிழலில், டன்ஸ்டோக் பிரபு கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். பினாயில் தெளிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. இன்றைக்கு இதுவும் போச்சா என்று வின்னிக்கு ஆத்திரமாக வந்தது.

அமைச்சர் எழுந்து அவளைப் புகழோ புகழ் என்று புகழ்ந்துவிட்டுக் கடிதம் எழுதுவதாகச் சொன்னார். வின்னி எழுந்தாள். திருத்தத்தைத் திரும்பப் பெற அனுமதி வேண்டுகிறேன் என்றாள். சொல்லும்போது குரல் உடைந்தது. அச்சில் அது தெரியாது.

இந்த இடத்தில் அந்தச் சபை வழக்கம் ஒன்று இருக்கிறது. ஒரு திருத்தத்தைச் சபைமுன் வைத்துவிட்டால் அது வைத்தவர் சொத்து இல்லை, சபையின் சொத்து. திரும்ப எடுத்துக்கொள்ள எல்லாரும் சம்மதிக்க வேண்டும். ஒரே ஒருவர் வேண்டாம் என்றாலும் எடுக்க முடியாது. ஆனால் அப்படி யாரும் சொல்வதில்லை. திரும்பப் பெறச் சபைக்குச் சம்மதமா என்று கம்பளி மெத்தையில் உட்கார்ந்திருக்கிற சபைத் தலைவர் கேட்பார், யாரும் வாய் திறக்க மாட்டார்கள், முடிந்தது. அந்த மௌனத்தை நம்பி எல்லாரும் பாதி எழுந்து, சாப்பாட்டு நினைவில் காகிதங்களைச் சுருட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அன்றும் சுருட்டினார்கள்.

“இல்லை” என்று ஒரு குரல் கேட்டது.

யாரும் நம்பவில்லை. விக் வைத்த குமாஸ்தா திரும்பிப் பார்த்தார். மெத்தைக்காரர் இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறை, நிதானமாக, “இல்லை.” தலைகள் எல்லாம் எதிர் வரிசைப் பக்கம் திரும்பின. அங்கே ஏழெட்டுக் கிழவர்கள் பச்சைப் பிள்ளைகள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நேர் எதிரே நின்ற வின்னி மட்டும் பார்த்துவிட்டாள்: டன்ஸ்டோக் பிரபுவின் கண் இன்னும் மூடித்தான் இருந்தது, உதடு மட்டும் அப்போதுதான் அசைந்து அடங்கிற்று.

அப்புறம் நடந்தது எல்லாம் மளமளவென்று நடந்தது. திருத்தத்துக்குச் சம்மதமா என்று கேட்டார்கள். எதிர் வரிசை ‘சம்மதம்’ என்றது. ஃபென்னர் பிரபு பதறியடித்து ‘சம்மதமில்லை’ என்று கத்தினார். வாக்கெடுப்பு மணி பாராளுமன்றக் கட்டடம் முழுக்க அலறத் தொடங்கியது. ஃபென்னர் ஆட்களைத் தேடி ஓட ஆரம்பித்தார். அவர் ஆட்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சூப்பில் கரண்டியைப் போட்டிருந்தார்கள். நூலகத்திலிருந்தோ, டன்ஸ்டோக் பிரபு கட்சியில் யாரையும் கேட்காமல் ஷெர்ரி மது ஊற்றி உட்கார வைத்திருந்த கிழட்டுப் பட்டாளம் ஒன்று தடியும் கோலுமாக இறங்கி வந்தது. அத்தனை பேரும் எழுபது தாண்டியவர்கள். எதற்கு வந்திருக்கிறோம் என்று அவர்களில் ஒருவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அதெல்லாம் போதாது. எண்ணுவதற்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு பேர் வேண்டும். அவர்கள் கையில் ஆளுக்கொரு வெள்ளைக் கோல் கொடுப்பார்கள். மூன்று நிமிஷத்துக்குள் ஒரு பக்கத்துக்கு ஆள் சேராவிட்டால் அந்தப் பக்கம் தோற்றது என்று எழுதிவிடுவார்கள். சம்மதத்தார் பக்கத்துக் கோல் ஒன்றை எதிர்க்கட்சிக் கிழவர் ஒருவர் வாங்கிக்கொண்டார். இன்னொன்றைக் குமாஸ்தா வின்னி பக்கம் நீட்டினார். திருத்தம் கொண்டுவந்தவர் எதிரே நிற்கும்போது அந்தக் கோலை வேறொருவர் தொடுவது அங்கே மரியாதை இல்லை. யாரும் தொடவில்லை. எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

ஃபென்னர் வாசலிலிருந்து மூச்சிரைக்க வந்து அவள் காதோரம் நின்றார். “வின்னி, நீங்க வாக்குக் கொடுத்திருக்கீங்க. கோலத் தொடாதீங்க, அது தானா செத்துப்போயிடும். யாரும் உங்களக் குத்தம் சொல்ல முடியாது.”

அதுதான் அவளைச் சுட்டது. யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். மேவிஸ்கூடச் சொல்லமாட்டாள், சரிடி என்பாள். வியாழக்கிழமை ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கூட்டமாக நிற்கிறதாம் கூட்டமாக. எந்தக் கூட்டத்தில் நிற்கிறேன் நான் என்று வின்னிக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கிற்று. அவள் முதலில் நின்ற கூட்டம் மலை உச்சியில் ஒரு கோட்டுக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர்தான்.

“நான் கொடுத்த வாக்கக் காப்பாத்திட்டேன், ஃபென்னர். திரும்பத் தாங்கன்னு கேட்டேன். சபை தரல. இனிமே நான் என்ன பண்றது, சொல்லுங்க?” என்று சொல்லிவிட்டுக் கோலை வாங்கிக்கொண்டாள்.

ஃபென்னர் பிரபு மறுபடி ஆட்களைத் தேடி ஓடினார். சம்மதம் என்பவர்கள் வரிசையாக நடந்து வாக்களிக்கிற தாழ்வாரத்தில் வின்னி கோலை நீட்டி ஒவ்வொருவராக எண்ணினாள். இத்தனை வருஷமாகத் தன் பேச்சுக்கு முனகிய கிழவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தலை குனிந்து வணங்கி அவளைத் தாண்டிப் போனார்கள். கண் மங்கி எண்ணிக்கை தப்பி, கூட நின்றவரைக் கேட்டுச் சரிசெய்துகொண்டாள். அரசாங்கம் தோற்றது. கொஞ்சநஞ்சம் இல்லை, நன்றாகவே தோற்றது. விருந்துக்குப் போனவர்கள் டாக்ஸியை விட்டு இறங்கி ஓடி வந்தபோது கதவு சாத்தியாகிவிட்டது.

கோட்டு மாட்டுகிற இடத்தில் டன்ஸ்டோக் பிரபு தன் பெயர் எழுதிய கொக்கியிலிருந்து கோட்டை எடுத்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. வின்னி நேரே போய், என்ன கணக்கு இது, அரசாங்கத்தை மட்டம் தட்ட என் கழிப்பறைதான் கிடைத்ததா என்று கேட்டாள். வழக்கமான பதில் வரும் என்று அவளும் ஒன்று தயாராக வைத்திருந்தாள். அவர் கோட்டுப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“போன வருஷம் எங்க அக்கா செத்துப்போனா. அடக்கத்துக்கு ரயில்ல போனேன். எந்த ஊருன்னு சொல்ல மாட்டேன். இறங்கி பஸ் ஸ்டாண்டு வர்றேன், போர்டு இருக்கு, கதவுல பூட்டு இருக்கு. இந்த வயசுல அது காத்திருக்காது பாருங்க.” ஒரு பொத்தானைப் போட்டார். “கறுப்பு பேண்ட்டு. அதனால யாருக்கும் தெரியல. சடங்கு முடியற வரைக்கும் ஈரத்தோட நின்னேன். அக்காவுக்காக ஒரு வார்த்தை பேசச் சொன்னாங்க. முன்னால போய் நிக்க முடியாம, தொண்டை சரியில்லன்னு சொல்லிட்டேன்.”

வின்னி கொக்கியிலிருந்த அவர் கழுத்துத் துணியை எடுத்து நீட்டினாள்.

“அப்போ உங்க ஞாபகம் வந்துச்சு. பயங்கர எரிச்சலா இருந்துச்சு” என்றார்.

இதைச் சபையில் சொல்லியிருந்தால் வாக்கெடுப்பே வேண்டியிருந்திருக்காதே என்றாள் வின்னி, மெதுவாக.

“அச்சாகிடுமே, அம்மா. என் பேரப் பிள்ளைங்க படிக்கும். என்னால ஒரு சொல்லுதான் முடிஞ்சுது.” தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, நாளைக்கு வழக்கம்போல உங்களைக் கேலி செய்வேன், யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார். இத்தனை நாள் ‘இல்லாதவர்கள்’ என்று அவள் பேசிய கூட்டத்தில் இந்த ஆளை ஒருநாளும் சேர்த்ததில்லை. அது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

தாழ்வாரத்தில் அவைக்குறிப்பு எழுதும் பெண் ஒரு துண்டுச் சீட்டோடு அவளைத் தேடி வந்தாள். மேலே மாடத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அந்த மூலை தெரியாது. காமிராவும் அப்போது சீமாட்டி மேல்தான் இருந்தது. ‘இல்லை’ என்றது எந்தப் பிரபு என்று பெயர் போட வேண்டும். நேர் எதிரே நின்றவர் நீங்கள்தான் என்றாள். பேசிய ஒவ்வொரு சொல்லும் அச்சில் வந்தே தீர வேண்டும், கமா தவறினாலும் விடமாட்டேன் என்று அந்தப் பெண்ணோடு எத்தனையோ முறை மல்லுக்கு நின்றவள் வின்னி.

“எனக்குத் தெரியலையேம்மா. கண்ணாடி போட மறந்துட்டேன்” என்றாள்.

கண்ணாடி மூக்கின் மேல் பளபளவென்று இருந்தது. அந்தப் பெண் அதையும் பார்த்தாள், வின்னி முகத்தையும் பார்த்தாள். சீட்டில் ‘ஒரு பிரபு’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

கொறடா ஒரு மாதம் வின்னியோடு பேசவில்லை. நீங்கள்தானே ஆள் வைத்துச் சொல்லச் சொன்னீர்கள் என்று யார் யாரையோ விட்டுக் கேட்டுப் பார்த்தார். குறிப்பை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், நான் திரும்பக் கேட்டது கறுப்பு வெள்ளையில் இருக்கிறது என்று பதில் அனுப்பினாள். கீழ்ச்சபை அந்த வரியை நீக்கியிருக்கலாம். ஆனால் நீக்க வேண்டுமானால் ஒருவர் எழுந்து கிழவிகளுக்குக் கழிப்பறை வேண்டாம் என்று பேச வேண்டும், அது அவர் பெயரோடு அச்சாகும். தேர்தல் வேறு பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. காப்பிக் கடைக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

குறிப்பின் அந்தப் பக்கத்தை வின்னி மேவிஸுக்குத் தபாலில் அனுப்பியிருந்தாள். வியாழக்கிழமை மத்தியானம் போன் வந்தது. பின்னால் சந்தை இரைச்சல் கேட்டது.

“நீ விட்டுட்டேன்னுல்ல நெனச்சேன்” என்றாள் மேவிஸ்.

“விட்டுட்டுத்தான் இருந்தேன். இன்னொரு ஆளு விடல.”

“அதான் கேக்கணும்னு இருந்தேன். யாருடி அது, ‘ஒரு பிரபு’ன்னு போட்டிருக்கு?”

“தெரியாது.”

மேவிஸ் எதையோ மென்று விழுங்குகிற சத்தம் கேட்டது. “நீ சொல்ல மாட்டே. சொல்லவும் வேண்டாம்” என்றாள். “ரெண்டு தடவை ‘இல்லை’ன்னுட்டு அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல பாரு. அந்த மனுஷனும் எங்கேயோ கோட்டு பிடிக்க ஆள் இல்லாம நின்னிருக்காருடி.”